தையலுக்குத் துணி வாங்கச் சிங்கப்பூர் செல்வோர்க்கு



தையலைப் பற்றிப் பேச வந்த நான் இன்று தைக்கும் முறையைச் சொல்லப்போவதில்லை. தையல் மிஷினின் முன் உட்காருவதற்கு முன்னால் நடந்து முடிந்துவிடுகிற ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அதுதான் துணி வாங்குவது. நல்ல துணியில் சுமாரான தையலும் நின்று பிடிக்கும். கெட்ட துணியில் எவ்வளவு நல்ல தையலும் வீண்தான்.

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் பாட வேளை முடிந்த பின் தாய்மார்கள் சிலருக்குத் தையல் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அங்கே ஓயாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “டீச்சர், தீபாவளிக்கு முன்னால் சிங்கப்பூருக்குப் போகிறோம். மகள் அங்கேதான் வேலை செய்கிறாள். துணி எந்தக் கடையில் வாங்கினால் நல்லது?” ஜொகூர் மாநிலத்துத் தோட்டக் குடும்பங்களில் பிள்ளைகளில் ஒருவராவது சிங்கப்பூரில் வேலை செய்வது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆகவே கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு ஒரு கடையின் பெயரை விடையாகச் சொல்லிவிட முடியாது. என்ன தைக்கப்போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் எங்கே போகவேண்டும் என்பது தெரியும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

நம் பாட்டிமார் காலத்தில் குளுவாங்கிலும் ரெங்கத்திலும் இரயில் ஏறி, தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்கி, துணி மூட்டையோடு திரும்பி வருவார்கள். அதில் அர்த்தம் இருந்தது. 1973 மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் சரிக்குச் சரியாக மாறின. துறைமுக நகரத்தில் துணி மலிவாகவும் பல வகையாகவும் கிடைத்தது. இன்று நிலைமை வேறு. தஞ்சோங் பகார் இரயில் நிலையமே 2011 ஜூன் 30 ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்கவேண்டியிருக்கிறது.

மலேசியாவில் 2025 இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் வருகிறது. அதைச் சிங்கப்பூர்க் காசாக மாற்றினால் ஏறக்குறைய 20 வெள்ளி. அதாவது, அங்கே 20 வெள்ளிக்குத் துணி வாங்கினால், வெயிலில் குலை சுமந்த ஒரு முழு நாள் உழைப்பை மேசைமேல் வைக்கிறீர்கள். அந்தத் துணி முதல் சலவையில் சுருங்கிப்போனால் போனது துணி மட்டுமா? ஒரு நாளும் போயிற்று.

ஆகவே பள்ளிச் சீருடைத் துணி, உள்பாவாடைத் துணி, தலையணை உறை, வீட்டில் உடுத்தும் பருத்தித் துணி ஆகியவற்றை நம் பக்கத்திலேயே வாங்குங்கள். பட்டணத்துத் துணிக்கடைகளிலும், ஜொகூர் பாருவில் ஊங்கு புவான் சாலைப் பக்கத்திலும் இவை கிடைக்கும். வெள்ளைச் சட்டைத் துணிக்கும் நீலப் பினபோர் துணிக்கும் காஸ்வேயைக் கடக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கிடைக்காத நிறம், கிடைக்காத நெசவு, சேலைக்கு ஒத்துப்போகும் ரவிக்கைத் துணி, நல்ல லேஸ், வேலைப்பாடுள்ள துணி, தையலுக்கு வேண்டிய சில கருவிகள் ஆகியவற்றுக்குத்தான் சிங்கப்பூர். மகளைப் பார்க்கப் போகிற வழியில் இவற்றையும் வாங்கிவந்தால் பயணச் செலவும் தனியாக ஆகாது.

அடுத்தது, புறப்படும் முன் வீட்டில் செய்யவேண்டிய கணக்கு.

துணிக்கு நீளம் மட்டும் போதாது, அகலமும் தெரியவேண்டும். அகலத்தைத் தையற்காரர்கள் பன்னா என்பார்கள். கடைகளில் 36 அங்குலம், 44 அல்லது 45 அங்குலம், 54 அங்குலம், 58 முதல் 60 அங்குலம் என்று பல பன்னாவில் துணி இருக்கும். “மீட்டர் என்ன விலை?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்குபவர் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பெண்ணுக்குப் பாவாடை தைக்கவேண்டும். இடுப்பு 24 அங்குலம், பாவாடை நீளம் 30 அங்குலம். கீழ் மடிப்புக்கு 4 அங்குலம், மேலே தையலுக்கு 1 அங்குலம். ஆக ஒரு பாகத்துக்கு 35 அங்குலம் வேண்டும். இடுப்புப் பட்டிக்குத் தனியாக 4 அங்குலம் வைத்துக்கொள்வோம்.

36 அங்குல அகலத் துணி என்றால், கொசுவம் நன்றாக விழ இரண்டு பாகம் சேர்க்கவேண்டும். 35 அங்குலம் இரண்டு முறை, 70 அங்குலம். பட்டியோடு 74 அங்குலம். இது 1 மீட்டர் 88 சென்டிமீட்டர். 1.90 மீட்டர் என்று கொள்வோம். 60 அங்குல அகலத் துணி என்றால் ஒரே பாகம் போதும். 60 அங்குலச் சுற்று, 24 அங்குல இடுப்புக்கு இரண்டரை மடங்கு, கொசுவத்துக்குப் போதுமானது. 35 அங்குலமும் பட்டிக்கு 4 அங்குலமும் சேர்த்து 39 அங்குலம். அதாவது 1 மீட்டர்.

இப்போது விலையைப் பாருங்கள். குறுகிய துணி மீட்டர் 5 வெள்ளி, அகலத் துணி மீட்டர் 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். காதுக்கு 5 வெள்ளி மலிவாகக் கேட்கிறது. ஆனால் பாவாடைக்கு முதல் துணி 9 வெள்ளி 50 காசு ஆகிறது. இரண்டாவது துணி 8 வெள்ளிதான் ஆகிறது. மலிவு என்று நினைத்தது விலை கூடியது; விலை கூடியது என்று நினைத்தது மலிவு. இந்தக் கணக்கைக் கடையில் நின்றுகொண்டு போட முடியாது. வீட்டிலேயே ஒவ்வோர் உடைக்கும் இரண்டு, மூன்று பன்னாவுக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று எழுதி எடுத்துப் போங்கள். பருத்தித் துணியானால் சுருக்கத்துக்காக 10 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட துணி, ஒரே திசையில் பூ வரைந்த துணி ஆகியவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கத்துப் பூ நிமிர்ந்தும் பின்பக்கத்துப் பூ தலைகீழாகவும் நிற்கும்.

கஜத்தையும் மீட்டரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்தில் மலாய்க்காரர்கள் ஏலா என்று சொல்வதும் கஜமும் ஒன்றுதான். ஒரு கஜம் 36 அங்குலம், அதாவது 91 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு மீட்டர் 39 அங்குலத்துக்கும் மேல். ஒரு கடையில் கஜம் 6 வெள்ளி, பக்கத்துக் கடையில் அதே துணி மீட்டர் 6 வெள்ளி 50 காசு என்றால் எது மலிவு? கஜம் 6 வெள்ளி என்பது மீட்டருக்கு 6 வெள்ளி 56 காசு ஆகிறது. ஆகவே பக்கத்துக் கடைதான் மலிவு. விலை கேட்கும்போதே “கஜத்துக்கா, மீட்டருக்கா?” என்று கேட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் அளவுநாடா ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சேலைக்கு ஒத்த ரவிக்கை வேண்டுமானால் அந்தச் சேலையை, அல்லது அதன் ஓரத்து நூல் சிலவற்றையாவது எடுத்துச் செல்லுங்கள். நினைவில் இருக்கும் நிறம் கடை விளக்கில் மாறிப்போகும்.

சரி, கணக்கு முடிந்தது, பயணம் தொடங்குகிறது. சிங்கப்பூரில் துணி விற்கும் வட்டாரங்கள் சில உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. யார் அங்கே வந்து வாங்கினார்களோ அவர்களுக்கு வேண்டிய துணிதான் அங்கே சேர்ந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அலைச்சல் பாதி குறையும்.

முதலாவது, தேக்கா. சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கண்டாங் கெர்பாவ் சந்தை என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில் என்று பொருள். கால்நடை வாணிபம் நடந்த இடம் அது. இப்போதுள்ள கட்டடம் 1982 இல் திறக்கப்பட்டது. முதலில் ஜூஜியாவ் நிலையம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மக்கள் தேக்கா என்றே சொல்லிவந்தார்கள். 2000 ஆம் ஆண்டில் அரசாங்கமும் மக்களின் வழிக்கே வந்து தேக்கா நிலையம் என்று பெயரை மாற்றியது. கீழே மீனும் காய்கறியும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. மாடியில் சேலை, பஞ்சாபி சூட், ரவிக்கைத் துணி விற்கும் சிறு கடைகளும் தையற்கடைகளும் இருக்கின்றன. அங்கே தமிழிலேயே பேசி வாங்கலாம். சேலைக்கு ஒத்த ரவிக்கைத் துணி, லைனிங், சேலையின் அடியோரத்தில் தைக்கும் ஃபால்ஸ் ஆகியவற்றைத் தேட இந்த வட்டாரமே முதல் இடம். சாலைக்கு அந்தப் பக்கம் கேம்பல் லேன், டன்லப் வீதி ஆகியவற்றிலும் கடைகளைப் பார்க்கலாம்.

அங்கிருந்து சற்றுத் தூரம் நடந்தால் சையது ஆல்வி சாலையில் முஸ்தஃபா சென்டர். 1971 இல் கேம்பல் லேனில் ஆயத்த ஆடை விற்கும் சிறு கடையாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனம் அது. சையது ஆல்வி சாலையில் உள்ள பெரிய கடை 1995 இல் திறக்கப்பட்டது. சேலை, சட்டைத் துணி, தைக்காத பஞ்சாபி சூட் துணி எல்லாம் அங்கே உண்டு. விலை எழுதி ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது. பேரம் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு இது வசதி. முதலில் இங்கே ஒருமுறை சுற்றி விலைகளைக் குறித்துக்கொண்டால், பிறகு மற்றக் கடைகளில் கேட்கும் விலை நியாயமானதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருக்க முடிந்தால் நல்லது. வாரம் முழுவதும் உழைத்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூடுகின்ற நாள் அது. அது அவர்களுடைய ஓய்வு நாள். நாம் குறைசொல்ல முடியாது. ஆனால் நிதானமாகத் துணியை விரித்துப் பார்க்க இடம் இருக்காது. தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் இதே நெருக்கடிதான். விழாக் கடைகளில் ஆயத்த ஆடை வாங்கலாம். தைப்பதற்கான துணியை அதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். தைக்கவும் நாள் வேண்டுமல்லவா?

இரண்டாவது, அராப் ஸ்திரீட். அரபு வீதி என்றும் சொல்வார்கள். இது கம்போங் கிளாம் வட்டாரத்தில், சுல்தான் பள்ளிவாசலுக்கு அருகில் இருக்கிறது. 1822 ஆம் ஆண்டின் நகர அமைப்புத் திட்டத்திலேயே மலாய்க்காரர், பூகிஸ்காரர், அராபியர் ஆகியோருக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி அது. அராபிய, இந்திய, சாவக வணிகர்கள் அங்கே துணி வாணிபம் செய்தார்கள். பாஜு கூரோங், கெபாயா, திருமண உடை தைப்பவர்கள் இன்றும் அங்கே போகிறார்கள். ஆகவே லேஸ், சாட்டின், சிஃபான், ஜரிகை வேலைப்பாடுள்ள துணி, பாத்திக் ஆகியவற்றை அங்கே ரோல் ரோலாகப் பார்க்கலாம். மகளுக்குப் பட்டமளிப்பு உடையோ, திருமணத்துக்குத் தோழிப் பெண்களுக்கு உடையோ தைக்க நினைப்பவர்கள் போகவேண்டிய இடம் இது. ஜொகூரிலிருந்து வரும் 170 ஆம் எண் பேருந்து குயின் ஸ்திரீட் நிலையத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து அராப் ஸ்திரீட்டுக்கு நடந்தே போய்விடலாம். ஒன்று நினைவிருக்கட்டும். பல கடைகள் மாலையிலேயே மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை சில கடைகள் திறப்பதில்லை. அதனால் காலையில் முதலில் அங்கே போய், பிறகு தேக்காவுக்கு வாருங்கள்.

மூன்றாவது, சைனாடவுனில் உள்ள பீப்பிள்ஸ் பார்க் வட்டாரம். அங்கே பழைய திறந்தவெளிக் கடைத்தொகுதி 1966 இல் தீக்கிரையானது. அதன் பிறகு எழுந்த அடுக்குமாடி வளாகங்களில் கடைக்காரர்கள் மறுபடியும் வாணிபத்தைத் தொடங்கினார்கள். சாப்பாட்டுக் கடைகளுக்கு மேலுள்ள மாடிகளில் துணிக்கடைகளும் தையற்கடைகளும் அடுத்தடுத்து இருக்கும். பருத்தி, லினன், கால்சட்டைத் துணி, மிச்சத் துண்டுகள் ஆகியவற்றுக்கு அங்கே போகலாம். அங்குள்ள கடைக்காரர்கள் பெரும்பாலும் சீனர்கள். தமிழ் அங்கே உதவாது. கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆங்கிலம், அளவுநாடா ஆகிய மூன்றும் போதும்.

நான்காவது, தோபி காட் இரயில் நிலையத்துக்கு மேலே பிளாசா சிங்கப்பூரா என்னும் கடைத்தொகுதியில் உள்ள ஸ்பாட்லைட். ஆஸ்திரேலிய நிறுவனம். அங்கே துணியின் பெயர், நூலின் வகை, அகலம், துவைக்கும் முறை எல்லாம் ரோலின் முனையில் எழுதியிருக்கும். விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் தையல் கற்றுக்கொள்பவர்களுக்கு அது ஒரு பள்ளிக்கூடம் போல. ஒன்றும் வாங்காவிட்டாலும் ஒவ்வொரு ரோலையும் தொட்டுப் பார்த்து, அதில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். லினன் எப்படி இருக்கும், ரேயான் எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கத்திரி, ஊசி, ஜிப், காலருக்கு உள்ளே வைக்கும் ஒட்டுத்துணி, வெட்டு மாதிரிக் காகிதங்கள் ஆகியவையும் அங்கே உண்டு.

ஒரே நாளில் இந்த நான்கு இடத்துக்கும் போக நினைக்காதீர்கள். உங்கள் பட்டியலைப் பார்த்து ஓரிடத்தையோ இரண்டு இடத்தையோ தேர்ந்தெடுங்கள்.

இனி, கடைக்குள் நிற்கும்போது கவனிக்கவேண்டியவை.

பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். சாட்டின் என்பது நூலின் பெயர் அன்று, நெசவின் பெயர். பட்டிலும் சாட்டின் உண்டு. பாலியஸ்டரிலும் சாட்டின் உண்டு. ஆர்ட் சில்க் என்று எழுதியிருந்தால் கலைநயமுள்ள பட்டு என்று எண்ணிவிடுகிறார்கள். அதன் பொருள் செயற்கைப் பட்டு என்பதுதான். எங்கள் தையல் வகுப்புக்கு வரும் தாய் ஒருவர் மகளின் சடங்குக்காக ஆர்ட் சில்க் துணி வாங்கிவந்தார். பட்டு விலை கொடுத்திருந்தார். தைத்து முடித்து, பட்டுக்குத் தேய்ப்பதுபோல் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். ரவிக்கையின் முன்பக்கம் பளபளவென்று உருகி ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. அட்டையில் எழுதித்தான் இருந்தது. எழுத்தைப் படித்தும் பொருள் தெரியாமல் போனதுதான் நட்டம். இந்தியாவிலிருந்து வரும் உண்மையான பட்டில் சில்க் மார்க் என்ற முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த முத்திரை 2004 முதல் நடப்பில் இருக்கிறது. சீட்டு இல்லாத எல்லாமே போலி என்று சொல்லவில்லை. ஆனால் பட்டு விலை கேட்கும்போது சீட்டைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

துணியைக் கையில் பிடித்துக் கசக்கிப் பாருங்கள். அப்படியே கசங்கி நின்றால் பெரும்பாலும் பருத்தியோ லினனோ. உடனே விரிந்துவிட்டால் பாலியஸ்டர் கலந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். நூல் அடர்த்தி, நெசவில் விட்ட இழை, கறை எல்லாம் தெரியும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால், வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைக்க அந்தத் துணி ஆகாது. நீளவாக்கில் ஓடும் கரையைப் பார்த்து, குறுக்கு நூல் அதற்கு நேராகச் செல்கிறதா என்று கவனியுங்கள். குறுக்கு நூல் சாய்ந்திருந்தால், தைத்த பாவாடை இரண்டு சலவைக்குப் பிறகு ஒருபக்கமாகத் திருகிக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும் கத்திரி விழுவதற்கு முன் செய்யுங்கள். வெட்டிய துணியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைக்காரர் அபூர்வம்; அவரைக் குறைகூறவும் முடியாது. வெட்டும்போது அளவுகோலில் துணியை இழுத்துப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். இழுத்து அளந்த துணி, மேசையை விட்டு இறங்கியதும் குறைந்துவிடும். தளர்வாக வைத்து அளக்கும்படி பணிவாகக் கேளுங்கள். தேக்காவிலும் அராப் ஸ்திரீட்டிலும் சற்று விலை குறைத்துக் கேட்பது தவறாகாது. நாலைந்து மீட்டர் வாங்கும்போது கேட்டால் கிடைக்கும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நம் லயத்துப் பெண்கள் மூன்று, நான்கு பேர் சேர்ந்து ஒரே துணியில் ஒரு கட்டாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். கோவில் திருவிழாவுக்கும் பள்ளி நாடகத்துக்கும் இது மிகவும் பொருந்தும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 100 வெள்ளிக்கு 9 வெள்ளி. சுற்றுலாப் பயணிகளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது விமானம் ஏறித் திரும்புபவர்களுக்கு. காஸ்வே வழியாகப் பேருந்தில் திரும்பும் நமக்குக் கிடையாது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இரசீதை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துணி வேறு, இரசீதில் எழுதியிருப்பது வேறு என்று ஒரு வழக்கு வந்தால், அந்தக் காகிதம்தான் உங்கள் பக்கம் பேசும். 1971 இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடப்போனாலும் முதலில் இரசீதைத்தான் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்தபின் செய்யவேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. பருத்தித் துணியை உடனே வெட்டிவிடாதீர்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்த பிறகு வெட்டுங்கள். சுருங்குவது துணியாக இருக்கும்போதே சுருங்கட்டும். சட்டையான பிறகு சுருங்கவேண்டாம். என்ன நூல் என்று சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, வெளியே ஒரு தகரத்தட்டின் மேல், இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, தலைமுடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டு குணமும் கலந்து தெரிந்தால் அது கலப்பு நூல். உருகும் துணிக்கு இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துத் தேய்க்கவேண்டும்.

சகோதரிகளே, இவ்வளவு எதற்கு, ஒரு ரவிக்கைக்காகவா என்று சிலர் நினைக்கலாம். ரவிக்கைக்காக மட்டும் அன்று. தோட்டத்தில் இருந்துகொண்டே மிஷின் மிதித்துப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சமாளிக்கும் தாய்மார்களை நான் அறிவேன். அவர்களுடைய மூலதனம் பெரிய பணம் அன்று. “அவரிடம் கொடுத்தால் துணி கெடாது” என்று மற்றவர்கள் சொல்லும் ஒரு சொல்தான். அந்தச் சொல் துணியைத் தெரிந்துகொண்டவர்களுக்கே கிடைக்கும். அகலம் கேட்கத் தெரிந்தவரை, கஜமா மீட்டரா என்று கேட்கத் தெரிந்தவரை, தொட்டுப் பார்த்து “இது பட்டு இல்லையே” என்று சொல்லத் தெரிந்தவரை எந்த ஊர்க் கடைக்காரரும் மதித்துத்தான் பேசுவார். சிராங்கூன் சாலையானாலும் சரி, நம் பட்டணத்து மூலைக்கடையானாலும் சரி, அப்படிப்பட்டவருக்கு எல்லாமே நல்ல கடைதான்.

இந்த வாரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்துத் தைக்கவேண்டிய ஓர் உடையை நினைத்துக்கொண்டு, 36, 45, 60 ஆகிய மூன்று பன்னாவுக்கும் எவ்வளவு துணி வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் ஐந்தாம் ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இருந்தால் அதன் கையில் பென்சிலைக் கொடுங்கள். உங்களுக்குத் துணிக் கணக்கு வரும்; பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கும் வரும்.